துளையா, திறப்பா

வயிறு வேளாங்கண்ணியுடையது. அதை எப்படிக் கீறலாம் என்று முடிவெடுக்க மட்டும் ஊர்ப்பட்ட ஆள். குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் சர்ச் அன்பியக் கூட்டத்தில்கூட ஜெபம் முடிந்த கையோடு இதே பேச்சுதான். கருங்கல் சந்தையில் மீன் விற்கிற வேளாங்கண்ணியிடம் மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் ஜாஸ்மி பொறுமையாகத்தான் விளக்கினார். வயிற்றைத் திறந்தும் எடுக்கலாம், சின்னத் துளைகள் போட்டு கேமரா விட்டும் எடுக்கலாம். இவளுடைய கட்டிக்கு ரெண்டுமே சரிப்படும். துளை என்றால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

"துளையெல்லாம் வேண்டாம் டாக்டர், திறந்தே எடுங்க," என்றார் புருஷன் மரியஜான்.

குவைத்திலிருந்து வீடியோவில் மகன் பெனிட்டோ வேறு. "அப்பா சொல்லதுதான் சரி. கண்ணால பாத்து, கையால தொட்டு எடுக்கணும். துளைக்குள்ள என்னத்தத் தெரியும்?"

வேளாங்கண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓய், முழு மீனா பொரிக்கணும்னு கேக்கவங்களுக்கு நான் வயித்தையா கீறுதேன்? செவுள் வழியா குடலை உருவிக் குடுக்கேன். உள்ள மிச்சம் கிடக்குன்னு ஆராவது திருப்பிக் கொண்டு வந்தாவளா?"

"ஏட்டி, நீ என்ன மீனா?"

"மீனுக்கே அவ்வளவு பாக்கேன். எனக்குப் பாக்கப்பிடாதா? டாக்டரே, துளை போடுங்க. என் வயிறு, நான் சொல்லுதேன்."

மரியஜான் முறைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு அவளோடு வெகுநேரம் பேசினார்.

ஆபரேஷன் முடிந்து கண்விழித்தபோது தொப்புளுக்கு மேலும் கீழுமாக நீளக் கட்டு. கட்டி முழுசாக வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மரியஜானுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்தியா, கடைசியில திறந்துதான எடுத்தாவ? நாங்க அன்னைக்கே சொன்னோம்."

போனில் பெனிட்டோவும் ஆமாம் போட்டான்.

வேளாங்கண்ணியின் குரல் அடங்கித்தான் வந்தது.

"கட்டி உள்ள ஒட்டிக்கிடந்து துளை வழியா வராட்டா என்ன செய்யன்னு டாக்டர் அன்னைக்கே கேட்டாவ. திறந்துக்கிடுங்கன்னு நான்தான் சொன்னேன். அவிய என்கிட்ட கேட்டாவ. நீங்க ரெண்டுபேரும் கேட்டியளா?"

மரியஜான் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, வலிக்குதா?"

"உயிர் போகுது. ஆனா நானே சொல்லி வாங்கின வலி. நீரு அதுல பங்குக்கு வராதயும்."