நாற்பதுக்கு இருபத்தேழு

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் பதினெட்டைத் தாண்டாத தம்பி, இன்று காலை பதினொன்றேகாலுக்கு நாற்பதுக்கு இருபத்தேழு வாங்கினான். விசாரணை அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அதைக் கேட்டதும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெருமையாகக்கூட இருந்தது. இருபத்து நான்கைத் தாண்டினால் 'அதிக அபாயம்' என்று நிபுணர் அடுத்த வரியைப் படிக்கும் வரைக்கும்.

பத்தொன்பது வயதில் ஒரு தெருச்சண்டையில் தம்பி ஒருத்தன் மண்டையைக் கம்பியால் உடைத்தான். அந்த ஆளுக்கு இன்றுவரை ஒரு காது கேட்காது. அக்கா இதை யாரிடமும் மறுத்ததில்லை. பன்னிரண்டு வருடத் தண்டனையில் எட்டு முடிந்திருந்தது. ஒழுங்காக இருப்பவனை முன்கூட்டியே விடலாம் என்று சட்டம் சொல்கிறது. அவனும் ஒழுங்காகத்தான் இருந்தான். ஆனால் ஒழுங்கை இப்போதெல்லாம் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. வெளியே போனால் மறுபடி அடிப்பானா மாட்டானா என்று இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் சொல்லிவிடும். கேள்விக்கு சைபர், ஒன்று அல்லது இரண்டு. நிறைய வாங்கினால் ஃபெயில். தம்பி பாஸாக வேண்டியிருந்த ஒரே பரீட்சையிலும் விதியைத் தலைகீழாக வைத்திருந்தார்கள்.

அந்தப் படிவத்தை நிரப்பிய நிபுணர் நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்தார், கால் ஆடுகிற நாற்காலியில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார், டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். "எதையும் மறைக்காம சொல்லுங்கம்மா. எவ்வளவு சொல்றீங்களோ அவ்வளவு நல்லது" என்றார். யாருக்கு நல்லது என்று அவள் கேட்கவில்லை. செத்துப்போன அப்பாவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவள் அன்றைக்கு இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். பெல்ட்டால் அடிப்பார், பக்கிள் இருக்கிற பக்கமாகப் பார்த்து அடிப்பார், தம்பியின் முதுகில் தழும்பு இன்னும் இருக்கிறது, வாடகை ஏற ஏற ஏழு வீடு மாறினோம். இதையெல்லாம் கேட்டால் ஒரு மனுஷனுக்கு இரக்கம் வரும் என்று நினைத்தாள். வந்தது. நிபுணரின் கண் கலங்கியதை அவளே பார்த்தாள். கலங்கிய கண்ணோடுதான் எழுதிக்கொண்டிருந்தார்.

இப்போது அதைப் படித்தார்.

"சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவர். இரண்டு. நிலையான குடியிருப்பு இல்லை. இரண்டு. முக்கியமான தகவலில் பொய் சொன்னார். இரண்டு."

அடி வாங்கியதற்கு இரண்டு மார்க். அடித்தவருக்கு யாரும் மார்க் போடவில்லை. வாடகை ஏற்றிய ஏழு வீட்டுக்காரர்களுக்கும் போடவில்லை.

"உங்க சைடுல ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

அக்கா எழுந்தாள். "இருபத்தேழுன்னா என்னங்க மேடம் அர்த்தம்?"

நிபுணர் பொறுமையாக விளக்கினார். "இந்த மார்க் வாங்கின நூறு பேர்ல நாப்பது பேர், அஞ்சு வருஷத்துக்குள்ள மறுபடி யாரையாவது தாக்கியிருக்காங்க."

"மீதி அறுபது பேரு?"

"தாக்கல."

"எந்தம்பி நாப்பதா, அறுபதா சார்?"

"அத இந்த முறையால சொல்ல முடியாதும்மா. அது கூட்டத்தப் பத்திதான் சொல்லும், தனி ஆளப் பத்தி இல்ல."

"உள்ள இருக்கப்போறது தனி ஆளுதானே சார்?"

நிபுணரின் மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் சரிந்திருப்பதை அவள் பார்த்தாள். பதினொரு வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிறவள். கோபம் வந்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

"எங்க கடையிலயும் மெஷின் ஒரு நம்பர் குடுக்கும் சார். அதோட விட மாட்டோம். மாட்டிவிட்டு, எழுத்து தெரியுதான்னு அந்த ஆளையே கேப்போம். தெரியலன்னா மெஷின் சொல்லிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்."

"இது கண்ணாடிக் கடை இல்லம்மா" என்றார் நீதிபதி. சும்மா சொன்னார், குத்தலாகக்கூட இல்லை.

மேஜையைப் புரட்டிப்போட வேண்டும்போல் இருந்தது. கை தானாகவே பெஞ்சின் விளிம்பைத் தேடிப் போய்விட்டது. அப்போதுதான் பதினேழாம் கேள்வி நினைவுக்கு வந்தது. 'குடும்பம்: அமைதியானது, ஆதரவானது. சைபர்.' மொத்தப் படிவத்திலும் அவள் பேரில் தம்பிக்குக் கிடைத்த நல்ல சைபர் அது ஒன்றுதான். இப்போது கத்தினால் அடுத்த முறை அதுவும் இரண்டாகிவிடும். அடுத்த முறை என்பது இரண்டு வருடம் கழித்து.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பல்லைக் கடித்ததில் காதோரம் வலித்தது.

மதியம் சிறையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து உட்கார்ந்தான். அவன் மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் திருகு இல்லை, நூலால் கட்டியிருந்தான். அதற்கென்றே அக்கா கடையிலிருந்து எடுத்து வந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை வாசலிலேயே பிடுங்கி, 'ஆயுதம்' என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அப்பா பெல்ட்டப் பத்தி நான்தான்டா சொன்னேன்" என்றாள் ரிசீவரில். "அதுக்கு ரெண்டு மார்க் போட்டுட்டாங்க."

அவன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

"என்னையும் கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"எங்கப்பா தங்கமான மனுஷன், கை நீட்டினதே இல்லன்னு சொன்னேன். செத்தவர எதுக்கு இழுக்கணும்? உனக்கும் அசிங்கம்னு நெனச்சேன்."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். பெல்ட்டுக்கு இரண்டு. பெல்ட்டை மறைத்ததற்கு இரண்டு. கழித்தால் இருபத்து மூன்று. இருபத்து மூன்று என்றால் இந்நேரம் இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றிருப்பார்கள்.

"உண்மையச் சொன்ன எனக்கும் ரெண்டு, பொய் சொன்ன உனக்கும் ரெண்டு" என்றாள். "அந்தாளு செத்தும் பக்கிள் பக்கமா அடிக்கறாருடா."

தம்பிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தோள் குலுங்கியது. பிறகு அது சிரிப்பாக இல்லை. அவன் முஷ்டி மேசைமேல் மெல்ல உயர்ந்தது.

"எறக்கு" என்றாள். "கைய எறக்குடா. அங்க நிக்கறவரு பாக்கறாரு."

சுவரோரம் நின்ற காவலர், அடுத்த படிவத்துக்குப் போகிற நோட்டைப் புரட்டினார்.

தம்பி முஷ்டியைப் பிரித்து, உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தான், பரீட்சை ஹாலில் சோதனைக்குக் காட்டுவதுபோல. நூல் நழுவி அவன் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்தது. அதைத் தூக்கிவிட அவன் கையை எடுக்கவில்லை. அக்கா தடுப்பில், சரியாக அந்தத் திருகு இருக்கவேண்டிய இடத்தில், கட்டைவிரல் நகத்தை வைத்துத் திருகினாள். இறுக்கினாள். நகம் வெளுத்து நுனியில் பிளந்தது. இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

காவலர் பேனா மூடியைத் திறந்தார்.