கோப்பில் ஒரு வரி

ஏழரைக்கு வருவதாகச் சொன்ன வெண்டல் ஏழு பதினேழுக்கே ஹார்ன் அடித்தான்.

நோரீன் சன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டியின் முன் கண்ணாடியில் பனியைச் சுரண்டியிருந்தான். அவள் உட்காரும் பக்கத்தையும் விடவில்லை. கோட்டுக்குள்ளிருந்து தெரிந்த சட்டை இஸ்திரி போட்டது. அவன் இஸ்திரி போட்டு அவள் பார்த்ததில்லை.

"சீக்கிரம் வந்துட்ட," என்றாள், ஏறி உட்கார்ந்து.

"அம்மணி, அஞ்சு மாசத்துல இப்பத்தான் நீயா என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டிருக்க. நான் நாலு மணிக்கே எந்திரிச்சாச்சு."

"சட்பரிக்குத்தான. பாரிசுக்குக் கூப்பிட்ட மாதிரி பேசுற."

"பாரிசுல நல்ல மீன் கிடைக்காது."

கனடாவில், பிளைண்ட் ரிவர் என்ற அவர்கள் ஊரிலிருந்து சட்பரி நகரத்துக்கு இரண்டு மணி நேரம். தனக்கு அங்கே கிளினிக்கில் ஒரு வேலை இருக்கிறது, வண்டி ஓட்டி வருகிறாயா என்று மட்டும் கேட்டிருந்தாள். அவன் காரணம் கேட்கவில்லை. மதியச் சாப்பாடு தன் பொறுப்பு என்றான்.

அவள் முதியோர் இல்லத்தில் சமைக்கிறாள். அவன் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். அவன் அண்ணன் அந்த இல்லத்தில் இருந்தார். ஜூன் மாதம் ஒருநாள் தட்டோடு சமையலறைக் கதவுக்கு வந்து நின்றான். "இந்த உருளைக்கிழங்கை மசிச்ச மகராசி யாரு? சுவத்துக்குப் பூசலாமான்னு எங்க அண்ணன் கேக்குறார்." அவள் சிரித்துவிட்டாள். சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுவல். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டு. அவன் அவளை வாசல்வரை கொண்டுவந்து விடுவான். வாசலில் அவள், "காலையில வேலை இருக்கு," என்பாள். அவன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவான். உள்ளே வந்து விளக்கைப் போடாமல் அவன் வண்டி திருப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒருநாள் அவன் தொப்பியைத் தொடவில்லை.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு, நோரீன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு. அழ மாட்டேன்."

"வேண்டாம்னு இல்ல."

"அப்புறம் என்ன?"

மறுநாள் அவள் கிளினிக்குக்கு போன் செய்தாள். இரண்டு பேர் வருவோம் என்றாள்.

பதினான்கு வருடமாக அவளுக்கு எச்.ஐ.வி. தினம் ஒரு மாத்திரை. ரத்தத்தில் கிருமி சோதனைக்கே தட்டுப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. அவளிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது. டாக்டர்கள் சொன்னதை அவள் நம்பினாள். மனிதர்கள் விஷயத்தில்தான் நம்பிக்கை போயிருந்தது.

முன்பு வடக்கே, காகித ஆலை ஊரில் இருந்தபோது டேல் என்று ஒருவன். முதல் முத்தத்துக்கு முன்பே அவனிடம் சொன்னாள். சமையலறையில் வைத்துச் சொன்னாள். அவன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். சரி என்றான். அடுத்த தட்டை எடுத்தான். நான்கு வருடம் சேர்ந்து இருந்தார்கள். அவள் அவனை விட்டு விலகிய வாரம் அவன் போலீசுக்குப் போய், என்னிடம் சொல்லவே இல்லை என்றான். அவனுக்கு நோய் வரவில்லை. வராவிட்டாலும் மறைத்தது குற்றம் என்றார்கள். பாலியல் வன்தாக்குதல் என்று வழக்குப் போட்டார்கள். அவள் படத்தைச் செய்தித்தாளில் வெளியிட்டு, இவளோடு பழகியவர்கள் வேறு யாரும் உண்டா என்று கேட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து அவளுடைய வக்கீல் பழைய மருத்துவக் கோப்பில் ஒரு வரியைக் கண்டெடுத்தார். துணைவர் உடன் வந்தார், மாத்திரைகள் பற்றிக் கேட்டார். தேதி இருந்தது. எந்த நர்ஸ் எழுதியது என்று அவளுக்கு நினைவில்லை. அந்த ஒரு வரியில் வழக்கு விழுந்தது. ஊர்வாய் அடங்கவில்லை. அவள் ஊரை விட்டாள்.

அன்றைக்கு அவள் படித்துக்கொண்டது இதுதான். வாயால் சொன்னது காற்றோடு போகும். கோப்பில் ஏறினதுதான் சொன்னது.

வழியில் மாசி என்ற சிற்றூரைத் தாண்டியதும் வெண்டல் ரேடியோவை அணைத்தான்.

"கேன்சரா?"

"இல்ல."

"எங்க அக்காவுக்கு இருந்துச்சு. ஆறு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடல. தனியாவே பஸ் ஏறிப் போயிட்டு வந்திருக்கா. அதான் கேட்டேன்."

"கேன்சர் இல்ல, வெண்டல்."

"சரி. அப்ப வேற என்னவா இருந்தாலும் பாத்துக்கலாம்."

சொல்வதற்கு அதுதான் நேரம். அது அவளுக்குத் தெரிந்தது. வார்த்தைகூட நாக்கில் வந்து நின்றது. சாலை நேராகக் கிடந்தது. வண்டிக்குள் அவர்கள் இரண்டு பேர்தான்.

"அங்க போய்ப் பேசலாம்," என்றாள்.

அவன் ரேடியோவை மறுபடி போட்டான்.

நர்ஸ் இமெல்டா அவளை முதலில் தனியாகக் கூப்பிட்டாள்.

"வெளிய உக்காந்திருக்காரே, அவருக்குத் தெரியும்தான?"

"இல்ல. இங்கதான் சொல்லப் போறேன்."

இமெல்டா பேனாவை மூடினாள். "வீட்டில சொல்லிட்டு, ரெண்டு நாள் கழிச்சு இங்க கூட்டிட்டு வரலாமே. நாங்க அதையும்தான் எழுதுவோம்."

"வீட்டில சொல்லித்தான் ஒரு தடவை கம்பி எண்ணப் பாத்தேன்."

"இப்ப சட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கு, நோரீன். உங்க ரத்தத்துல கிருமி இவ்வளவு அடங்கி இருக்கிறப்ப யாரும் உங்க மேல கை வைக்க மாட்டாங்க."

"அப்பவும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார். மறு வாரம் போலீஸ் வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"இதை முதல்ல உங்க வாயால தனியா கேட்டுக்க அவருக்கும் ஒரு உரிமை இருக்கில்லையா?"

நோரீன் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள். "கூப்பிடுங்க," என்றாள்.

வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தான். மூன்றாவது நாற்காலி சிறியது. அதில் உட்கார்ந்தான்.

"என்ன, தலைமை ஆசிரியர் ரூம் மாதிரி இருக்கு," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நோரீன் சொன்னாள். வாரக்கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வரிகள். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பதினான்கு வருடமாக. மருந்து எடுக்கிறேன். உனக்கு வராது. முடிவு நீ எடுக்க வேண்டியது. சொல்லும்போது அவள் இமெல்டாவின் விரல்களைப் பார்த்தாள். அவை விசைப்பலகை மேல் அசையாமல் இருந்தன.

இமெல்டா விளக்கினாள். ஆராய்ச்சிகள், எண்கள், ஆயிரக்கணக்கான ஜோடிகள். வெண்டல் தலையை ஆட்டிக் கேட்டான். பழுதுக்கு வந்த எஞ்சினைப் பற்றி அதன் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டான்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா, சார்?"

அவன் யோசித்தான். "அந்த மாத்திரை, அதால இவளுக்கு உடம்பு படுத்துதா?"

நோரீனுக்குக் கண் கலங்கியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இவர் கேட்டதை எழுதிக்குங்க."

இமெல்டா அவளைப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

"நேரமும் போடுங்க," என்றாள் நோரீன். "முழுப் பேரும்."

"பேரா?" என்றான் வெண்டல். "என் பேர் எதுக்கு?"

"நோரீனோட கோப்புல மட்டும்தான் இருக்கும்," என்றாள் இமெல்டா. "உங்களுக்குத் தெரியப்படுத்தினாங்கன்னு ஒரு குறிப்பு. உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா வேண்டாம்."

அவன் தொப்பியை ஒருமுறை சுற்றினான்.

"வெண்டல் மார்ட்டின் ப்ரிஸ்புவா," என்றான். "பொறந்த தேதியும் வேணுமா?"

வேண்டாம் என்றாள் இமெல்டா. வேண்டும் என்றாள் நோரீன்.

அவன் தேதியைச் சொன்னான். பத்து நாற்பத்தொன்று என்று இமெல்டா நேரத்தைப் போட்டாள். திரையில் வரி முடிந்து கோடு துடித்துக்கொண்டிருந்தது. நோரீனுக்கு வருடக்கணக்கில் இல்லாத நிம்மதி. அவள் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது.

வண்டியைச் சூடாக்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். விட்டுவிட்டுப் போகவில்லை. அவன் இறங்கி அவளுக்குக் கதவு திறந்தான். சட்பரியில் எந்தக் கடையிலும் நிறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

எஸ்பனோலா திருப்பம்வரை வைப்பர் சத்தம்தான். பிறகு அவள் டேலைப் பற்றிச் சொன்னாள். தட்டு, போலீஸ், படம், ஏழு மாதம், அந்த வரி. யாரும் எழுதிக்கொள்ளாத இடத்தில் அவள் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவன் கேட்டான். நடுவில், "நாசமாப் போறவன்," என்று ஒரே ஒரு முறை சொன்னான்.

அவள் முடித்ததும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கி நிறுத்தினான். உள்ளே போய் இரண்டு காபியோடு வந்தான். அவளுடையதில் சர்க்கரை இல்லை, பால் இரண்டு பங்கு. சரியாக இருந்தது. எதிரே ஒரு வண்டியின் பின்னால் வேட்டையாடிய மான் ஒன்று கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட வேட்டைக்காரர்கள் இருவர் அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அந்த நோய் பத்திப் பயம் இல்ல," என்றான் வெண்டல். "அந்த அம்மா சொன்னது புரிஞ்சுது. புரியாததை நாளைக்கு வேற யார்கிட்டயாவது கேட்டுக்குவேன்."

"கோவமா?"

"தெரியல. கேன்சரான்னு கேட்டேன். ரெண்டு தடவை வாயைத் திறந்து இல்லைன்னியே, மூணாவது தடவை திறந்திருக்கலாம்."

"யாரும் இல்ல அப்ப."

"நான் இருந்தேனே."

அவள் கோப்பையின் மூடியை அழுத்தினாள். அது ஏற்கெனவே அழுத்தமாகத்தான் இருந்தது.

"உனக்குப் புரியாது. வெறும் வார்த்தையை வெச்சுக்கிட்டு கோர்ட்டுல நிக்க முடியாது, வெண்டல்."

"புரியுது. நீ சொல்றது அத்தனையும் நியாயம். நானா இருந்தாலும் அதையே பண்ணியிருப்பேனோ என்னவோ." அவன் காபியைக் குடிக்காமல் பிடித்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டையில் மார்புப் பக்கம் மடிப்பு விழுந்திருந்தது. "அக்காவுக்குத் துணைக்குப் போகல. உனக்காவது துணைக்குப் போறோம்னு நினைச்சுத்தான் வண்டியை எடுத்தேன்."

"துணைக்குத்தான் கூப்பிட்டேன்."

"இல்ல. சாட்சிக்கு."

அவள் மறுக்கவில்லை. ஆரஞ்சுத் தொப்பிக்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சரளைக்கல் தரையில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம் கிடந்தது. அதன் மேல் பனி விழ ஆரம்பித்தது.

வெண்டல் சாவியைத் திருகினான். எஞ்சின் ஓடியது. கியரைப் போடவில்லை.

"என் பொறந்த தேதியைச் சொன்னேனே, அப்ப உன்னைப் பாத்தேன். நீ நடுங்கிட்டிருந்த. யாரை நினைச்சுப் பயந்த, நோரீன்? அவனையா, என்னையா?"