பார்வையாளர் பட்டியலில் ஒரு எம்.பி.

எங்க வாஷிங்டன் தலைநகரம்தான், மாநிலம் இல்லை. அதனால இங்கே நிழல் எம்.பி.ன்னு ஒரு பதவி இருக்கு. தேர்தல் வச்சுத்தான் ஆளை எடுப்போம். ஆனா நாடாளுமன்றத்துல உட்கார நாற்காலி கிடையாது, ஓட்டு கிடையாது, சம்பளமும் கிடையாது. நான் பஸ் ஓட்டுறவ. இந்த வெட்டி வேலைக்கெல்லாம் போய் வரிசையில நிக்கிறதில்லை.

என் தம்பி தவோன் ஓட்டுப் போட்டான், ஜெயில்ல இருந்து, தபால்ல. எங்க ஊர்க் கைதிகளுக்கு அந்த உரிமை உண்டு. நீண்ட தண்டனைக்காரங்களை வைக்கத்தான் ஊர்ல ஜெயில் இல்லை. அவன் இருக்கறது கென்டக்கியில, கார்ல பத்து மணி நேரம். அம்மாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். அவ அவனைப் பார்த்து ஆறு வருஷமாச்சு. பக்கத்து ஜெயிலுக்கு மாத்துங்கன்னுதான் அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்.

"யாருக்குடா போட்ட?"ன்னு போன்ல கேட்டேன்.

"பிரிஸ்கோவுக்கு. ஜெயிச்சா நேர்ல வந்து பார்க்கறேன்னு லெட்டர் போட்டிருந்தாரு அக்கா."

"அவருக்கே உட்கார இடமில்லை. உனக்கு இடம் மாத்தித் தரப்போறாராக்கும்."

பிரிஸ்கோ ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். ஜெயிச்சாரு. சொன்ன மாதிரியே கோட்டு சூட்டோட என் கார்ல ஏறிட்டாரு. ஜெயில் வாசல்ல அடையாள அட்டையை நீட்டினாரு. காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"எம்.பி. பட்டியல்ல உங்க பேர் இல்லையே சார்."

"இருக்காது தம்பி"ன்னுட்டு மனுஷன் கார்லயே போய் உட்கார்ந்துட்டாரு.

உள்ளே போய்ச் சொன்னேன். தவோன் கோபப்படலை.

"என்னைப் பார்க்க வர்றவங்க பட்டியல்ல எழுதிடறேன் அக்கா. நண்பர்னு."

கைதி பத்து நண்பர்கள் பேர் வரைக்கும் கொடுக்கலாம். பதினோரு வருஷத்துல அவன் ஒரு பேர்கூடக் கொடுத்ததில்லை.

ரெண்டு மாசத்துல அனுமதி வந்துது. பிரிஸ்கோ உள்ளே போனாரு, எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டாரு, எங்கெங்கேயோ மனு அனுப்பினாரு. ஒண்ணும் நடக்கலை. தவோன் இன்னும் அங்கேதான் இருக்கான்.

போன மாசம் எனக்கு லீவு கிடைக்கலை. தம்பியைப் பார்க்க நாதியில்லையேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. சாயங்காலம் அம்மாவுக்கு அவன் போன் பண்ணினான். பிரிஸ்கோ தனியாவே காரை ஓட்டிக்கிட்டு வந்து, மூணு மணி நேரம் பேசிட்டுப் போனாராம்.

அம்மா போனை வச்சுட்டு என்னைப் பார்த்தா.

"அடுத்த தேர்தல் எப்போடி?"