அவசரம் அண்ணனும் இரண்டு பட்டன் மவுஸும்

அவசரம் அண்ணன் மெதுவாகிவிட்டார் என்று கம்ப்யூட்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் பஸ் கம்பெனியில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. டீ ஆறும்வரைகூடப் பொறுக்கமாட்டார். நாம் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவர் முடித்துவிடுவார், பெரும்பாலும் தப்பாக.

டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கண், காது, கைவேகம் மூன்றையும் சோதிப்பது என் வேலை. கைவேகச் சோதனை ரொம்பச் சுலபம். திரையில் சிவப்பு வட்டம் தோன்றியதும் மவுஸின் இடது பட்டனை அமுக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதில் அண்ணன் தோற்றுவிட்டார். மறுநாள் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டயர் ரூமுக்குப் போக வேண்டியதுதான்.

என்னைக் குடைந்தது அவர் சண்டை போடாததுதான். பஞ்சரானால் ரோட்டோடு சண்டை போடுகிற மனிதர், "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து பார்த்தேன். கிட்டத்தட்ட எனக்கு எப்போதும் வருகிற எண்தான் வந்தது. மிஷின் சரி, மனிதர்தான் மெதுவாகிவிட்டார் என்று முடிவு கட்டியிருக்கலாம். மனசு ஒப்பவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வழக்கமாக பைக்கில் வந்து கேட்டை இடிக்கிறமாதிரி நிறுத்துபவர், நடந்து வந்திருந்தார். எதிர்ப்பக்கம் நின்று, வண்டியே வராத ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒத்திகை என்று சொல்லி உட்கார வைத்தேன். இந்த முறை திரையைவிட்டு அவர் விரலைப் பார்த்தேன். வட்டம் வந்த கணமே விரல் இறங்கியது. இறங்கி, அப்படியே இருந்தது. எண் என்னவோ நேற்றைப் போலவே மோசம்.

"ஏண்ணே விரலை எடுக்கவே மாட்டேங்கறீங்க?"

"பிரேக்கைத் தட்டிட்டு யாராவது காலை எடுப்பாங்களாம்மா? வண்டி நிக்கற வரைக்கும் அமுக்க வேணாமா?"

நான் கோழி கொத்துகிறமாதிரி தட்டிவிட்டு எடுப்பவள். அவரை நகரச் சொல்லி, அவர் மாதிரியே அமுக்கிப் பிடித்தேன். நானும் தோற்றேன்! பயமும் குஷியும் சேர்ந்தே வந்தன. அமுக்குவதைத்தானே இது கணக்கெடுக்கிறது? எப்போது விரலை எடுத்தால் இதற்கென்ன?

அதே கம்ப்யூட்டரில்தான் மத்தியானம் ரூட் மேப் போடுகிற அக்கா வேலை செய்வார். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

"இதுல ஏதாவது மாத்தினீங்களாக்கா?"

"பழைய மவுஸ் போன வாரம் செத்துப்போச்சில்ல? இதுல ரெண்டே பட்டன். மேப்பை நகர்த்த எனக்கு நடு பட்டன் வேணும். ரெண்டையும் சேர்த்து அமுக்கினா நடு பட்டன்னு எடுத்துக்கோன்னு செட்டிங்ஸ்ல போட்டு வச்சேன். அருமையா வேலை செய்யுது."

"சரி, நான் இடதை மட்டும் அமுக்கறேன். கூடவே வலதும் வரப்போகுதா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் காத்திருந்து பாக்கும். என் விரல் ரெண்டும் ஒண்ணா விழமாட்டேங்குதுன்னு நான்தான் அந்த நேரத்தை நல்லா கூட்டி…" அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் தட்டிவிட்டு விரலை எடுத்ததும், இனி துணைக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்து, அது உடனே கணக்கில் சேர்த்துவிட்டது. அண்ணன் விடாமல் பிடித்திருந்ததால், வலது பட்டன் வரும் வரும் என்று காத்துக்கிடந்திருக்கிறது. அத்தனை தாமதத்தையும் அவர் வயதின் தலையில் கட்டிவிட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி எறிந்திருப்பேன், சோதனைக்கு அது வேண்டியிருந்தது.

அக்கா அந்த வசதியை அணைத்தார். அண்ணன் தன் பாணியிலேயே அமுக்கிப் பிடித்தார். இந்த முறை ஒத்திகை இல்லை. என்னைவிட வேகமாக வந்தது அவருடைய எண்.

"பாஸ்ண்ணே! நேத்தும் நீங்க மெதுவா இல்ல. இந்த மவுஸ் பண்ணின வேலை."

குதிப்பார், எங்களைத் திட்டித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வீட்டுக்குப் போனதும் பொண்ணுகிட்ட சொல்லிட்டேம்மா," என்றார். "பேத்தியை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர இனிமே என்னை அனுப்பாதேன்னு. ரோட்ல திடீர்னு கையை உதறிட்டு ஓடினா என்னால எட்டிப் பிடிக்க முடியாதுன்னு சொன்னேன். குழந்தை அதைக் கேட்டுட்டு என்கிட்ட பேசவே இல்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் நீ ஸ்கூலுக்குப் போகாதே, நான் போறேன்," என்றார். "ஆமா, நான்தான். ஓடினா பிடிச்சுடுவேன்."