வெளியே போங்க

தறிக்கூடத்தில் வாயால் பேசி ஒரு வேலையும் நடக்காது. தறிகள் போடும் சத்தத்தில், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாமே கைபாஷைதான். இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது, கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. தலைவர் கையை உயர்த்தினால் மட்டும் அத்தனை தறியும் நின்றுவிடும்.

தலைவர் என்பது பட்டப்பெயர்தான். அப்போது அவருக்குப் பதவி கிடையாது, மற்றவர்களைப் போல அவரும் தறி ஓட்டுகிறவர். ஆனால் வம்புச் சண்டைக்குப் போகமாட்டார், நியாயமான சண்டையிலிருந்து பின்வாங்கவும் மாட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆட்கள் தறியை நிறுத்தினார்கள். அவ்வளவுதான் விஷயம். சம்பளம் கொடுப்பவன் நான், இவன் கைக்கா கட்டுப்படுகிறார்கள் என்று முதலாளிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். எரிச்சலை வெளியே காட்டாமல், தலைவரைக் கூப்பிட்டு மேலாளர் ஆக்கிவிட்டார்.

"உள்ள இருந்தாத்தான் நம்ம ஆளுங்களுக்கு ஏதாவது செய்யமுடியும்" என்று தலைவர் வீட்டில் சொன்னார். நாற்காலி ஆசையும் கொஞ்சம் இருந்தது. யாருக்குத்தான் இல்லை?

சம்பள உயர்வு கேட்டு ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கிய சமயம், முதலாளி அவரை அழைத்தார். கூரைமேல் உள்ள தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்க வேண்டும், எல்லோரையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள் என்றார். தலைவர் கூடத்துக்குப் போய்க் கையை உயர்த்தினார். தறிகள் நின்றன, ஆட்கள் சிரித்துப் பேசியபடி வெளியே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இரும்புக் கதவு பூட்டப்பட்டது. வாரக்கணக்கில் கழித்து மறுபடி அது திறந்தபோது பல வீடுகளில் அடுப்பு அணைந்திருந்தது. வாய் நீளமான ஆட்களுக்கு வேலையும் இல்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலைவர் சத்தியம் செய்தார். அது பாதி உண்மை. கேட்டால் தெரிந்துவிடுமே என்றுதான் அவர் அன்றைக்குக் கேட்காமல் இருந்தார்.

அன்றிலிருந்து தலைவர் 'சார்' ஆனார். சார் என்ன சொன்னாலும் சரி, வேலை நேரத்தில் கூடத்தை விட்டு ஒருத்தரும் வெளியே கால் வைப்பதில்லை என்று ஆட்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். முதலில் அதைச் சொன்னது அவருடைய சொந்த மாப்பிள்ளை, தங்கையின் புருஷன். தொட்டிக்கு நேர் கீழே, நடுத்தூணை ஒட்டி அவனுடைய தறி. மச்சான் மச்சான் என்று வாய் ஓயாதவன், வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

மழை விட்ட ஒரு பிற்பகலில் தலைவர் வரிசைகளைச் சுற்றி வந்தபோது நடுத்தூணின் பூச்சு கொட்டிக் கிடந்தது. எப்போதும் முடிபோல இருக்கும் விரிசலில் இன்றைக்கு விரல் நுழைந்தது. உள்ளே கம்பி வளைந்திருந்தது.

கையை உயர்த்தினார். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. ஆட்கள் அவரவர் தறியடியில் சாவகாசமாக உட்கார்ந்தார்கள்.

"தூண் விட்டிருக்கு. தொட்டி எந்த நிமிஷமும் இறங்கிரும். எல்லாரும் வெளியே போங்க!"

"போன தடவையும் இதே தொட்டிதான், சார்" என்றான் மாப்பிள்ளை. "கதையையாவது மாத்தக்கூடாதா?" கூடமே சிரித்தது.

"மாப்பிள்ளை, உன் புள்ளைங்க மேல ஆணை. இந்த விரிசலைப் பாருய்யா!"

"நீங்க தறி ஓட்டின காலத்துலயே இருந்த விரிசல்தானே. நாற்காலியில உக்காந்ததும் பெருசா தெரியுதாக்கும்."

கெஞ்சினார். அழுகைகூட வந்தது. நல்லா நடிக்கிறாரு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் மிச்சமிருந்த ஒரே ஆயுதமான மேலாளர் அதிகாரத்தை எடுத்தார்.

"போகலைன்னா அத்தனை பேருக்கும் சீட்டைக் கிழிச்சிருவேன்!"

"அப்படி வாங்க வழிக்கு" என்றான் மாப்பிள்ளை.

தலைவர் வாசலுக்கு ஓடினார். அடித்தாவது அவர்களை வெளியே இழுத்துப் போடுங்கள் என்று காவலாளிகளிடம் கத்தினார். அவர்கள் தடியோடு வருவதைப் பார்த்ததும் உண்மையாக இருக்குமோ என்று ஆட்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. கதவோரம் இருந்தவர்கள்கூட நடுவே ஓடிவந்து கைகோத்துக்கொண்டார்கள். யாரும் இழுக்க முடியாதபடி மாப்பிள்ளை அந்தத் தூணையே கட்டிப்பிடித்துக்கொண்டான். காவலாளிகள் வாசற்படியில் கால் வைக்கும்போது கூரை இறங்கியது. தூணைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தரும் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். மேலாளர் ஆபத்தைச் சொல்லியிருக்கிறார், உத்தரவு போட்டிருக்கிறார், எச்சரித்திருக்கிறார், ஆள் பலத்தையும் அழைத்திருக்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். முதலாளி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தங்கை வீட்டு வாசலில் தலைவர் வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அவளே வந்து உள்ளே கூப்பிட்டாள். பிள்ளைகள் மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அழுது ஓய்ந்திருந்தாள்.

"வெளியே போகச் சொன்னியாமே அண்ணா. நெஜமா?"

"சொன்னேம்மா. கால்ல விழாத குறையா கெஞ்சினேன். அவன்தான் கேக்கல."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அவரைத் தப்பு சொல்லாதே அண்ணா. நீ வந்து சொல்லியிருந்தா நானும்தான் போயிருக்க மாட்டேன்."