நிறுத்தி வைத்த குரல்

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மயூர் விஹார் வீட்டுக்குள் நுழைந்ததுமே டெல்பின் ஆரம்பித்துவிட்டாள்.

“ஜல்தி டாடி, சீக்கிரம்! இன்னைக்குப் போடுறேன்னு ப்ராமிஸ் பண்ணீங்க.”

அன்று அவளுக்குப் பத்து வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு அவள் கேட்டது அம்மாவின் குரலை மட்டும்தான்.

அம்மா இன்பராணி நர்ஸ். டியூட்டி முடிந்து மெட்ரோவில் வரும்போது செல்போனில் தன்பாட்டுக்கு எதையாவது பேசிப் பதிவு செய்துகொண்டே வருவாள். அதைச் சேர்த்துவைக்கக் கணவன் அருள்ராஜ் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தான். அவள் பேசுவது நேரே வீட்டு லேப்டாப்பில் வந்து பதிவாகும். பதிவுகளைத் தனி இடத்தில் வைக்காமல், மென்பொருள் ஓடுகிற தற்காலிகப் பெட்டி போன்ற கன்டெய்னருக்குள்ளேயே விட்டிருந்தான்; கன்டெய்னரை நீக்கினால் உள்ளே இருப்பதும் போய்விடும்.

“பத்திரமா இருக்கும்லா?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“அடுத்த வாரம் மாத்திருதேன்.”

மாற்றவில்லை. அவளை அடக்கம் செய்த மறுநாள் அந்தக் கன்டெய்னரை நிறுத்தினான். கடைசிப் பதினோரு பதிவுகளைக் கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

எட்டு மாதம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் தோளில் சாய்ந்திருக்க, அதை மறுபடி ஓட்டும் கட்டளையை அடித்தான். லேப்டாப்பில் இடமில்லை என்றது திரை.

வெள்ளிதோறும் ஆபீஸ் சர்வர்களில் பார்க்கிற அதே செய்தி. விரல்கள் தாமாகவே துப்புரவுக் கட்டளையை அடித்தன. நின்றுபோன கன்டெய்னர்கள் எல்லாம் நீக்கப்படும், தொடரலாமா என்று திரை கேட்டது. அந்த வரியைப் படிப்பதை அவன் விட்டு வருஷங்களாகியிருந்தன. சரி என்று தட்டினான்.

ஒன்பது ஜிபி இடம் கிடைத்தது. முதலில் நிம்மதிதான் வந்தது. மறுபடி ஓட்டப் பார்த்தான். அப்படி ஒரு கன்டெய்னரே இல்லை என்றது.

மென்பொருளின் இமேஜ் அப்படியே இருந்தது. ஆனால் அது கன்டெய்னரை வார்க்கிற வெறும் அச்சு; பதிவுகள் அதில் இருக்காது. அதிலிருந்து புதிதாக ஒன்றை ஓடவிட்டான். இன்பராணி தேர்ந்தெடுத்த பச்சை நிறப் பக்கம் திறந்தது. பதிவுகள்: 0.

அன்று நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தால் பழைய கன்டெய்னர் தப்பியிருக்கும்.

“ஆவாஸ் வரலியே டாடி? மம்மி குரல் எங்க?”

கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டே தெருவைக் கடந்து போனார்.

“அழிச்சிட்டேன் மக்ளே. எல்லாத்தையும்.”

டெல்பின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்தச் சுழியத்தைப் பார்த்தாள். அழவில்லை.

“பரவால்ல. நீங்க கேட்டிருப்பீங்கல்ல? லாஸ்ட்ல மம்மி என்ன பேசினாங்க? நீங்க சொல்லுங்க.”

ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்பராணி பேசும் விதம் அவனுக்குத் தெரியாததா? வாயைத் திறந்தான்.

“நான் கேக்கல மக்ளே.”

“ஒரு தடவைகூடவா?”

“பயமா இருந்துச்சு.”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பயம் இல்லியே டாடி,” என்றாள். “என்கிட்டக் குடுத்திருக்கலாமே.”