துவைக்காத துணி

“என் குழந்தைய வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க, டாக்டர்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். இந்த ஆஸ்பத்திரியின் சலவை அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பால்பல் விழுந்திருக்கவில்லை. பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதால்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த நன்றியை அம்மா எனக்கும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது கட்டில் காலருகே நின்று என் பாதத்தைக் கிள்ளினாள்.

பெரிய டாக்டர் சிரித்தார். “கக்காத கொழந்தை எங்கம்மா இருக்கு? முந்தாநேத்துதான் பொறந்தான். இன்னும் ரெண்டு நாள் பாப்போம்.”

“பாலைக் கக்கல. பச்சையா வாந்தி எடுக்கிறான்.”

“யாரு பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. அதுதான் விஷயம். குழந்தை வாந்தி எடுத்த ஒவ்வொரு முறையும், கறை காய்வதற்குள் அம்மா துணியை உருவிக்கொண்டு சலவை அறைக்கு ஓடினாள். சிஸ்டர் வரும்போது புதுத் துணி, பவுடர் வாசனை, துடைத்த வாய். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் வார்டில் தன் பேரன் அழுக்காகக் கிடக்கக் கூடாது என்பது அவள் ரோஷம். இத்தனை வருடம் ஊரார் கறையை வெளுத்தவள், தன் வீட்டுக் கறையை ஊருக்குக் காட்டுவாளா? நான் சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, “சுத்தமாத்தானே இருக்கான்? படிச்ச புள்ளைங்கதான் ரொம்ப பயப்படுதுங்க” என்று போய்விட்டார்.

இன்று அம்மா டீ வாங்கப் போன நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான். அந்தத் துணியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இப்போது எடுத்து டாக்டர் முன்னால் விரித்தேன். இலையை அரைத்துப் பிழிந்ததுபோல் பச்சை. எதிர்க்கட்டில்காரி எட்டிப் பார்த்து, “அய்யய்யோ, என்னக்கா இது!” என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. குழந்தையின் வயிற்றை விரல்களால் அழுத்திக்கொண்டே வந்தார். வலப்பக்கம் ஓரிடத்தில் விரல் நின்றது.

“பால் குடுக்காதீங்க. உடனே ஸ்கேன்.”

கையில் டிரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதிலும் பச்சைதான் வந்தது. ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது. அம்மாவின் கை தானாக நீண்டு, பிறகு முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

ஸ்கேனில் தெரிந்ததை டாக்டர் நன்றாகவே விளக்கினார். குழந்தையின் குடலை ஒட்டி இன்னொரு துண்டுக் குடல், அவன் என் வயிற்றுக்குள் இருக்கும்போதே உருவாகிவிட்டது. இரண்டு முனையும் மூடிய பை. உள்ளே நீர் சேர்ந்து ஊதி, உண்மையான குடலை நெரிக்கிறது. இரண்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான் என்பதால் பையை மட்டும் உரித்தெடுக்க முடியாது. குடலிலும் ஒரு துண்டை வெட்டி, மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டும்.

“மாசமா இருக்கும்போது நான் சொன்ன எதையும் இவ கேக்கல, சார்” என்றாள் அம்மா.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நாளைக்குக் காலைல நம்ம சர்ஜன் வந்துடுவார். இங்கேயே பண்ணிடலாம்.”

“அவரு பச்சக் குழந்தைக்குப் பண்ணியிருக்காரா?”

டாக்டர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவசரமாகச் சொன்னாள்: “பட்டம் வாங்கினதுல இருந்து இவ வாய் இப்படித்தான் சார். மனசுல வெச்சுக்காதீங்க.”

“பண்ணியிருக்காரா, இல்லையா?”

“நல்ல கைராசிக்காரர்மா.”

எனக்கு வேண்டியிருந்தது கைராசி இல்லை. ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தபோதே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டேன். அங்கே பச்சைக் குழந்தைகளுக்கு மட்டுமே ஆபரேஷன் செய்கிற சர்ஜன் இருந்தார். லாரியோடு வெளியூரில் இருந்த கணவரிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னேன்.

“கேட்டுல அவங்க ஆம்புலன்ஸ் வந்து நிக்குது டாக்டர். உள்ள சிஸ்டரும் இருக்காங்க. ஸ்கேன் படத்த மட்டும் குடுங்க.”

அவர் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“நாளைக்கு இவர் மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்? நான் இங்கதானே வேலைக்கு வரணும்?”

“முழிக்க முடியலன்னா வராத.”

அவள் முகம் சுருங்கியது. நான் அதைச் சரிசெய்ய நிற்கவில்லை. படத்தைக் கக்கத்தில் இடுக்கி, குழந்தையைத் தூக்கினேன். பிரசவத் தையல் சுரீரென்று இழுத்தது. வார்டு சிஸ்டர் டிரிப்ஸ் பாட்டிலைக் கழற்றி, உயரப் பிடித்தபடி பக்கத்தில் வந்தார்.

வராந்தாவை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். “காயட்டும் நில்லுக்கா, வழுக்கிடும்!” என்று ஒருத்தி கத்தினாள். செருப்பை அங்கேயே உதறிவிட்டு, ஈரத்தின் நடுவிலேயே நடந்தேன். தரை ஜில்லென்று இருந்தது. மார்பில் சாய்ந்திருந்தவன், பால் கிடைக்காதென்று தெரியாமல், என் சட்டைப் பட்டனைச் சப்பிக்கொண்டிருந்தான்.